மூளைக்குள் நீர்க்குமிழிக் கொத்து: கட்டியா, இல்லையா என்று படத்தில் எப்படிப் பார்க்கிறோம்

கேள்வி இதுதான்: "அக்காவுக்கு 46 வயது. அடிக்கடி தலைவலி என்று எம்ஆர்ஐ எடுத்தோம். வலது பக்க மூளையில் 2.3 செ.மீ. அளவுக்குச் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் கொத்தாக இருக்கின்றன, இது டியூமிஃபாக்டிவ் பெரிவாஸ்குலர் ஸ்பேஸ் ஆக இருக்கலாம், நீர் கோத்த கட்டியும் சாத்தியம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் பயாப்சி எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் எதுவுமே செய்ய வேண்டாம் என்கிறார். வெறும் படத்தை வைத்து இதையெல்லாம் எப்படி முடிவு செய்கிறார்கள்?"

படத்தைப் பார்க்காமல் உங்கள் அக்காவுக்கு இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. பல வருடமாக மூளை எம்ஆர்ஐ பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன் நான். இப்படி ஒரு படம் என் திரைக்கு வந்தால் எதை முதலில் பார்ப்பேன், எங்கே சந்தேகப்படுவேன், எப்போது நிம்மதியாவேன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு மருத்துவர்களும் ஏன் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்பது பாதியாவது புரிந்துவிடும்.

பெரிவாஸ்குலர் ஸ்பேஸ் என்பது நோயின் பெயர் கிடையாது. அது எல்லோருடைய மூளையிலும் இருக்கும் ஓர் இடம். மூளையின் மேற்பரப்பிலிருந்து சிறு தமனிகள் உள்ளே இறங்கும்போது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையும் உறை மாதிரி கொஞ்ச தூரம் கூடவே இழுத்துக்கொண்டு போகின்றன. குழாயைச் சுற்றி, அந்த உறையை ஒட்டி ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அதில் தெளிந்த நீர். 1851இல் ருடால்ஃப் விர்க்கோவும் 1859இல் ஷார்ல் ராபினும் இதை விவரித்தார்கள் என்பதால் விர்க்கோ-ராபின் இடைவெளி என்றும் ரிப்போர்ட்டுகளில் எழுதுவோம். அவர்களுக்கும் முன்னால், 1840களிலேயே, துராண்-ஃபார்தெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் மூளையை வெட்டிப் பார்த்து, சில இடங்களில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்று எழுதி, அதற்குச் 'சல்லடை நிலை' என்றே பெயர் வைத்துவிட்டார். ஊசி குத்திய மாதிரி நூறு துளை இருந்தால் இன்றும் எங்களுக்கு அந்தச் சல்லடைதான் ஞாபகம் வரும்.

சாதாரணமாக இந்த இடைவெளி 2 மி.மீ.க்குள்தான் இருக்கும். வயது ஏற ஏறக் கொஞ்சம் அகலும். ரத்த அழுத்தம் நாள்பட்டு இருந்தாலும் எண்ணிக்கை கூடித் தெரியும். 15 மி.மீ.யைத் தாண்டினால்தான் 'ராட்சத' அல்லது 'டியூமிஃபாக்டிவ்' என்ற அடைமொழி சேரும். அந்த இரண்டாவது சொல் எவ்வளவு பேரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். காதில் 'டியூமர்' என்று விழுகிறது, இல்லையா? அதற்கு அர்த்தம் 'கட்டியைப் போலத் தோற்றம் காட்டுவது' என்பதுதான். ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருப்பதால் கட்டி என்று ஆகிவிடாது. சொல்லப்போனால், அதை எழுதியவர் கட்டி இல்லை என்ற பக்கமாகவே சாய்ந்திருக்கிறார்.

சரி, படத்துக்கு வருவோம்.

முதலில் நான் பார்ப்பது இடம். எந்தத் தமனிக்கு உறையோ, அந்தத் தமனி போகும் வழியில்தான் இந்த இடைவெளி விரியும். வேறெங்கும் முளைக்காது. மூளையின் அடியிலிருந்து பேசல் கேங்லியா என்ற ஆழப் பகுதிக்குள் ஏறும் குழாய்களைச் சுற்றி வருவது முதல் வகை. உச்சியிலிருந்து வெள்ளைப் பகுதிக்குள் இறங்கும் குழாய்களைச் சுற்றி வருவது இரண்டாவது. நடுமூளையில் வருவது மூன்றாவது. பொட்டெலும்புக்கு உள்ளே, டெம்போரல் மடலின் முன்பகுதியில் வருவதை நான்காவதாகச் சேர்த்திருக்கிறார்கள். ராட்சத அளவுக்குப் போகிறவை பெரும்பாலும் நடுமூளையும் அதற்கு மேலே உள்ள தலாமஸ் என்ற பகுதியும் சேரும் இடத்தில்தான் இருக்கும். 2005இல் வெளியான ஒரு தொகுப்பில் 37 பேரின் படங்களை அலசினார்கள். 21 பேருக்கு அந்த இடத்தில்தான் இருந்தது. இடம் பொருந்தவில்லை என்றால், உதாரணமாகக் குமிழிகள் மூளையின் வெளிப்பட்டையிலேயே உட்கார்ந்திருந்தால், நான் உடனே வேறு திசையில் யோசிக்க ஆரம்பிப்பேன்.

அடுத்தது உருவம். நீளவாக்கில் பார்த்தால் குழாய் போல, குறுக்குவாக்கில் வட்டமாக அல்லது முட்டை வடிவில் தெரிய வேண்டும். பெரிதானவை தனியாக வருவது குறைவு. சோப்பு நுரையை உள்ளங்கையில் எடுத்தால் பெரிசும் சிறிசுமாக ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி ஒரு கொத்தாகத்தான் இருக்கும். ஓரங்கள் பேனாவால் வரைந்த மாதிரி தெளிவாக இருக்கும். கொத்துக்கு மேலே உள்ள மூளைப்பட்டை நசுங்கி மெலிந்திருக்கலாம், ஆனால் அதன் அடையாளம் கெட்டிருக்காது.

இதெல்லாம் பூர்வாங்கம். தீர்ப்பு இருப்பது உள்ளே இருக்கும் நீரில். என் கணக்கில் இந்த நோயறிதல் முழுவதும் ஒரே கேள்விதான்: இந்தக் குமிழியில் இருப்பது, பக்கத்து வென்ட்ரிக்கிளில், அதாவது மூளைக்குள் உள்ள நீர் அறையில், இருக்கும் மூளை நீரைப் போலவே எல்லா வரிசையிலும் நடந்துகொள்கிறதா? 'எல்லா' என்பதில் சலுகை கிடையாது. எம்ஆர்ஐ என்பது ஒரே படம் இல்லை. ஒரே தலையை ஐந்தாறு விதமாகக் கேள்வி கேட்டு வாங்கும் பதில்கள். ஒவ்வொரு விதத்தையும்தான் 'வரிசை' என்கிறோம். டி1 என்ற வரிசையில் நீர் கறுப்பு, டி2 என்ற வரிசையில் பளீர் வெள்ளை. இந்த இரண்டையும் எந்த நீர்க்கட்டியும் சமாளித்துவிடும். அப்புறம்தான் சோதனை.

ஃபிளேர் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு துடிப்பைக் கொடுத்துவிட்டு, இரண்டு முதல் இரண்டரை நொடி காத்திருந்து, தெளிந்த நீரிலிருந்து வரும் சைகை சரியாகப் பூஜ்ஜியத்தைத் தொடும் அந்தக் கணத்தில் படம் எடுப்பார்கள். அதனால் தெளிந்த நீர் மட்டும் கறுப்பாக அணைந்துபோகும். அதில் புரதமோ, செல்களோ, குழகுழப்போ கலந்திருந்தால் பூஜ்ஜியத்தைத் தொடும் நேரம் தப்பிவிடும், சாம்பலாகவோ வெள்ளையாகவோ நின்றுவிடும். நான் வழக்கமாக டி2வையும் ஃபிளேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கோத்து, மூளையின் குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொரு துண்டாக நகர்த்துவேன். டி2இல் வெள்ளையாக இருக்கும் ஒவ்வொரு குமிழியும் ஃபிளேரில் கறுப்பாக வேண்டும். பத்தில் ஒன்பது அணைந்து ஒன்று எரிந்துகொண்டிருந்தால் அந்த ஒன்றில்தான் நின்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் தவறுகளும் நடக்கின்றன, இரண்டு பக்கமும். வழக்கமான ஃபிளேரில் ஒரு துண்டின் தடிமன் 5 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. குமிழி அதற்குள் மாட்டினால், அதன் கறுப்பும் மேலே கீழே இருக்கும் மூளையின் சாம்பலும் கலந்து சராசரியாகித்தான் திரைக்கு வரும். "முழுதாக அணையவில்லை, கட்டியை விலக்க முடியாது" என்ற வரி பல சமயம் இப்படிப் பிறக்கிறது. 1 மி.மீ. துண்டுகளாக முப்பரிமாண ஃபிளேர் எடுத்தால் அதே குமிழி சுத்தமாகக் கறுத்துவிடும். உங்கள் அக்காவுக்கு எடுத்தது தடித்த துண்டா, மெல்லிய துண்டா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பயாப்சி பேச்சை ஒத்திப்போடக்கூடும்.

இன்னொரு சிக்கல் குமிழிகளுக்கு வெளியே. சுற்றியுள்ள மூளை பொதுவாக ஃபிளேரில் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனாலும் சிலருக்குக் கொத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெரியும். நீண்ட நாள் அழுத்தத்தில் சுற்றுத் திசு கொஞ்சம் தழும்பேறியிருப்பதுதான் அது. டெம்போரல் மடலின் முன்பக்கத்தில் வரும் வகை இந்த விளிம்புக்குப் பேர்போனது. பார்த்தால் கட்டியைச் சுற்றிய வீக்கம் போலவே இருக்கும்.

அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். அறுபதை நெருங்கியவர், வேறொரு இடத்தில் அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள், அதற்கு முன் இரண்டாவது கருத்துக்காகப் படங்களைக் கொண்டுவந்தார். குமிழிகள் அணைகின்றன, விளிம்பு எரிகிறது. நானும் தயங்கினேன் என்பதே உண்மை. "இதற்கு முன்னால் எப்போதாவது தலைக்கு ஸ்கேன் எடுத்ததுண்டா?" என்று கேட்டேன். இல்லை என்றார். கூட வந்த மனைவிதான், "படிக்கட்டில் விழுந்தீர்களே, அப்போது எடுக்கவில்லையா?" என்றார். மறுநாள் பழுப்பேறிய உறை ஒன்று வந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய சிடி ஸ்கேன் ஃபிலிம். விளக்குப் பெட்டியில் மாட்டினேன். அதே இடத்தில் அதே கறுப்புக் கொத்து. அளந்ததில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சிடியில் அன்றைக்கு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆறு வருடமாக அசையாமல் இருப்பதை அவசரமாக வெட்ட என்ன இருக்கிறது? தேதி ரத்தானது. அன்றிலிருந்து பழைய படம் இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை, கூட வந்தவரையும் கேட்பேன்.

டிஃப்யூஷன் வரிசை விரைவான சோதனை. நீர்மூலக்கூறுகள் தடையில்லாமல் அலைகின்றனவா என்று பார்ப்பது. தெளிந்த நீரில் அலையும், படத்தில் கறுப்பாக இருக்கும். சீழ்க்கட்டியிலும் எபிடெர்மாய்ட் கட்டியிலும் பளிச்சென்று எரியும். எரிந்தால் பெரிவாஸ்குலர் ஸ்பேஸ் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

கடைசியாகக் காண்ட்ராஸ்ட். கடோலினியம் ஊசி போட்டு எடுக்கும் படத்தில் குமிழிகளின் சுவரோ நடுத் தடுப்புகளோ மின்னக்கூடாது. ஆனால் ஒரு விஷயம். குமிழியின் நடுவில் ஒரு புள்ளியோ மெல்லிய கோடோ மின்னினால் பதறாதீர்கள். இடைவெளியே ரத்தக்குழாயைச் சுற்றியதுதானே, அந்தக் குழாய்தான் அது. துண்டுகளை மேலும் கீழும் நகர்த்தினால் புள்ளி நூலாக நீண்டு கொத்தை விட்டு வெளியே போய் ஒரு தமனியில் சேருவதைப் பார்க்கலாம். எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் காட்சி குறைவு. நூல் தெரிந்துவிட்டால் மற்ற விவாதமெல்லாம் ஏறக்குறைய தேவையில்லை. எல்லோருடைய படத்திலும் நூல் தெரிவதில்லை, அதுதான் குறை. சிஸ், ஃபியஸ்டா என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அழைக்கப்படும் நுண்துண்டு டி2 வரிசைகளை எடுத்தால் தெரிய வாய்ப்பு கூடும். புள்ளி நீளாமல், சுவரில் ஒட்டிய முண்டாக நின்று மின்னினால் கதையே வேறு. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா போன்ற கட்டிகள் அப்படித்தான், நீர்ப்பையும் அதன் சுவரில் ஒரு மின்னும் முண்டுமாக இருக்கும்.

இதைப் போலத் தோன்றும் மற்றவற்றில், நான் உண்மையில் குழம்பக்கூடியவை சிலதான். இளம் வயது, வலிப்பு, குமிழிகள் மூளைப்பட்டையிலேயே, ஃபிளேரில் ஓரம் எரிகிறது என்றால் டிஎன்இடி என்ற சாதுவான கட்டி. பட்டைக்குச் சற்றுக் கீழே மணி மணியாகக் கோத்த சின்னக் குமிழிகள், ஆனால் ஃபிளேரில் ஒன்றும் அணையவில்லை என்றால் எம்விஎன்டி என்ற நரம்புச்செல் கட்டி. அதுவும் பெரும்பாலும் விட்டுவிடக்கூடியதுதான். நியூரோசிஸ்டிசெர்கோசிஸ், அதாவது நாடாப்புழுவின் லார்வாப் பை என்றால், உள்ளே புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரியும். வேறு இடங்களில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கிறதா என்று சிடியில் தேடுவோம். லாக்யூன் எனப்படும் பழைய சிறு பக்கவாதத் தழும்பு 3 முதல் 15 மி.மீ. வரை இருக்கும், உருவம் ஒழுங்கற்று, ஓரம் ஃபிளேரில் வெள்ளையாக இருக்கும். அது கொத்தாக வருவதில்லை. ஒற்றையாக, வழவழப்பாக, எல்லா வரிசையிலும் நீர் போலவே இருக்கும் நியூரோகிளையல் நீர்ப்பையை மட்டும் சில சமயம் என்னால் பிரித்துச் சொல்லவே முடியாது. பிரித்தும் பெரிய பயனில்லை, இரண்டுக்கும் செய்வது ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் விடக்கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு, எச்ஐவி இருப்பவர்களோ உறுப்பு மாற்று செய்தவர்களோ, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இதே இடைவெளிகளுக்குள் புகுந்து குழகுழவென்று நிரப்பி விரித்துவிடும். பேசல் கேங்லியாவில் பார்த்தால் சாதாரண விரிவு போலவே ஏமாற்றும். எதிர்ப்புச் சக்தி இல்லாததால் காண்ட்ராஸ்ட்டும் சரியாக மின்னாது. அதனால்தான் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு நோயாளியின் பழைய வரலாறு வேண்டும். வெறும் 'தலைவலி' என்று ஒரு சொல் எழுதிய சீட்டை அனுப்பினால் நாங்கள் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறோம். அதேபோல் ஒரு குழந்தைக்கு இந்த இடைவெளிகள் இரண்டு பக்கமும், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் உள்பட எங்கும் விரிந்திருந்தால், மியூக்கோபாலிசாக்கரைடோசிஸ் என்ற பரம்பரைச் சேமிப்பு நோயை நினைக்க வேண்டும்.

இனி பயாப்சி. இவ்வளவையும் தாண்டி, எல்லா வரிசையிலும் நீர், மின்னாத சுவர், சரியான இடம், குழாய் உருவம் என்று அமைந்துவிட்டால் பயாப்சிக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஊசியில் வரப்போவது தெளிந்த நீரும் கொஞ்சம் தழும்புத் திசுவும். அதே ஊசி போகும் வழியில் ஒரு தமனி இருப்பது இந்த நோயறிதலின் வரையறையிலேயே இருக்கிறது. பயாப்சி சொன்ன மருத்துவரைக் குறை சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் "கட்டியும் சாத்தியம்" என்று எழுதிவிட்டால் அவருக்கு வேறு வழி குறைவு. அந்தச் சொற்றொடரை எழுதும் எங்களில் சிலர் சந்தேகத்தால் எழுதுகிறோம், சிலர் தற்காப்புக்காக எழுதுகிறோம். எது என்று கண்டுபிடிக்க, ரிப்போர்ட்டின் விவரப் பகுதியைப் படியுங்கள். குமிழிகள் ஃபிளேரில் அணைகின்றன, டிஃப்யூஷன் தடை இல்லை, காண்ட்ராஸ்ட் ஏற்கவில்லை என்று மூன்றும் எழுதியிருந்தும் முடிவில் கட்டி என்று இருந்தால், அது பெரும்பாலும் தற்காப்பு. மூன்றில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், அந்த வரிசை எடுக்கப்படவில்லையா, எழுத விட்டுப்போனதா என்று கேளுங்கள். ஒன்று உண்மையிலேயே மாறாக இருக்கிறது என்றால் பயாப்சி சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நரம்புப் பிரிவை மட்டும் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவரிடம் சிடியில் உள்ள முழுப் படங்களையும் கொடுத்து மறுவாசிப்பு வாங்குங்கள். சிடி என்றால் இங்கே வட்டத்தட்டு. அச்சடித்த ஃபிலிமில் நகர்த்திப் பார்க்க முடியாது.

தலைவலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மனதில் ஓடும். பெரும்பாலும் இல்லை. வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் இதன் வழக்கம். விதிவிலக்கு நடுமூளையில் வருவது. அங்கே மூளை நீர் வடியும் பாதை ஒரு சிறு குழாய். கொத்து அதை நசுக்கினால் மேலே நீர் தேங்கும். நான் சொன்ன அந்த 37 பேரில் 9 பேருக்கு இப்படித் தேங்கி அறுவை தேவைப்பட்டது. படத்தில் பக்கவாட்டு வென்ட்ரிக்கிள்களும் மூன்றாவது வென்ட்ரிக்கிளும் ஊதியிருக்கும், நான்காவது மட்டும் சாதாரணமாக இருக்கும். காலையில் எழும்போது கூடும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, கண்ணை மேலே உயர்த்த முடியாமை, நடையில் தள்ளாட்டம் இருந்தால் நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் செய்வது கட்டியை எடுப்பது போன்ற அறுவை இல்லை. எண்டோஸ்கோப் மூலம் மூன்றாவது வென்ட்ரிக்கிளின் அடியில் ஒரு துளை போட்டு நீருக்கு மாற்றுவழி கொடுப்பார்கள், அல்லது நீரை வடிக்கும் ஷண்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பார்கள், சில சமயம் குமிழியைத் திறந்துவிடுவார்கள்.

உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டில் "ஹைட்ரோகெஃபலஸ் இல்லை" (அதாவது மூளையில் நீர் தேங்கவில்லை) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மறுவாசிப்பும் பெரிவாஸ்குலர் ஸ்பேஸ் என்றே வந்தால், மிச்சம் இருப்பது ஒரு தொடர் எம்ஆர்ஐ. நான் வழக்கமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒன்று எடுக்கச் சொல்வேன், முடிந்தால் அதே மெஷினில், அதே வரிசைகளில். அதற்குக் காண்ட்ராஸ்ட் தேவைப்படாது. முதல் படத்தின் வட்டத்தட்டை மறக்காமல் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அளவை நாங்களே இரண்டு படத்திலும் ஒரே கோணத்தில் அளந்தால்தான் கணக்கு சரிவரும்.